வரை என்றால் எதுவரை?

வணக்கம் சார்,

பள்ளிப் பிள்ளைகளுக்காகத் தமிழ்ச் சொற்களை வைத்து ஒரு குட்டி நிரல்மொழி எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் லூப்பில் வந்து நிற்கிறேன். கோ (Go) என்ற நிரல்மொழி எல்லா லூப்புக்கும் ஃபார் என்ற ஒரே சொல்லை வைத்துச் சமாளிக்கிறது. எனக்கும் ‘வரை’ ஒன்றே போதும் என்று படுகிறது. ‘1 முதல் 10 வரை’, ‘(எண் < 10) வரை’ இரண்டுமே நல்ல தமிழாகத்தானே இருக்கின்றன?

ஒரு வாசகர், வேளச்சேரி

அன்புள்ள நண்பருக்கு,

நல்ல தமிழ்தான். சிக்கலே அங்கேதான்.

எங்கள் தெருவில் அடிபம்பு இருந்த காலத்தில் அம்மா ‘தண்ணி வர்ற வரைக்கும் அடி’ என்பார். வந்ததும் குடத்தை நகர்த்திவிட்டு, ‘வர்ற வரைக்கும் புடி’ என்பார். முதலாவதில் தண்ணீர் வந்தால் வேலை முடிந்தது. இரண்டாவதில் தண்ணீர் நின்றால்தான் முடிந்தது. முன்பாதி எழுத்து மாறாமல் ஒன்றே. எப்போது நிறுத்துவது என்பதைப் பின்னால் வரும் வினை சொல்லிவிடுகிறது. உங்கள் லூப்பில் அந்த வினை கிடையாது.

எண் 1இல் தொடங்கி ஒவ்வொரு தடவையும் ஒன்று கூடுகிறது என்று வைத்துக்கொண்டு உங்கள் ‘(எண் < 10) வரை’யைப் படியுங்கள். ஒரு பிள்ளை ‘ஒன்பது தடவை ஓடும்’ என்பாள். இன்னொருத்தி, ‘அதான் ஏற்கெனவே பத்துக்குக் கீழ இருக்கே, ஓடவே ஓடாது’ என்பாள். இருவரும் படித்த தமிழ் சரிதான். முத்து அண்ணாமலை உருவாக்கிய எழில் என்ற தமிழ் நிரல்மொழியிலும் ஒயில் (while) லூப்புக்கு, அதாவது நிபந்தனை உண்மையாக இருக்கும் மட்டும் ஓடும் லூப்புக்கு, ‘வரை’தான். நிபந்தனையை முன்னால் வைத்து ‘வரை’யைப் பின்னால் போட்டது அருமையான முடிவு, வினை கடைசியில் வரும் மொழிக்கு அதுதான் பொருத்தம். சொல்லில் மட்டும் நான் ஒத்துப்போக மாட்டேன். ‘உள்ளவரை’ என்று வையுங்கள். ‘உயிர் உள்ளவரை’ என்பதை யாரும் தப்பாகப் புரிந்துகொள்வதில்லை. நிபந்தனை உண்மையானதும் நிற்கும் அன்டில் (until) தேவைப்பட்டால் ‘ஆகும்வரை’.

வெறும் ‘வரை’யை எண்களுக்கு விட்டுவிடுங்கள், கடைசி எண்ணையும் சேர்த்து. கணினி அறிஞர் டைக்ஸ்ட்ரா 1982இல் எழுதிய குறிப்பில் தொடக்கத்தைச் சேர்த்து முடிவை விடச் சொன்னார்: முடிவிலிருந்து தொடக்கத்தைக் கழித்தால் நீளம் கிடைத்துவிடும், அடுத்தடுத்த துண்டுகள் இடைவெளியில்லாமல் ஒட்டும். பைத்தான் மொழியில் ரேஞ்ச்(1, 10) ஒன்பதோடு நிற்பது இந்த வழியில்தான். கணக்காக வலுவான வாதம். ஆனால் பீச்சிலிருந்து தாம்பரம் வரை டிக்கெட் எடுத்தவரைச் முந்தின ஸ்டேஷனான சானடோரியத்திலேயே இறக்கிவிட்டால் சும்மா இருப்பாரா? ஆங்கிலச் சொல்லே இதில் தடுக்கியிருக்கிறது. கோட்லின் என்ற நிரல்மொழியில் ‘1 அன்டில் 10’ என்றால் 9 வரைதான். அது பலரையும் குழப்பியதால் 2023இல் வந்த 1.9 பதிப்பில் இரண்டு புள்ளியோடு ‘<’ சேர்த்த குறியை நிலையாகக் கொடுத்தார்கள். கண்ணுக்கு நேராக ‘விடக் குறைவு’ தெரிகிறது. பட்டியலைச் சுற்றிவர எண்ணே வேண்டாம், ‘ஒவ்வொரு’ போதும்.

கோ மொழியை உதாரணம் காட்டியிருக்கிறீர்கள். அங்கே சொல் ஒன்றே தவிர வடிவம் பல. தவிர, ஃபார் என்ற சொல்லுக்குள் எப்போது நிற்பது என்ற சேதி எதுவும் இல்லை. ‘வரை’க்குள் இருக்கிறது.

நீங்கள் கேட்காத ஒன்று. ‘வெளியேறு’ என்ற கட்டளையை லூப்பின் நடுவிலும் அனுமதியுங்கள். எண்களை ஒவ்வொன்றாக வாங்கிச் சராசரி போடும் நிரலில் முதலில் வாங்குவோம், முடிவுக்குறியா என்று பார்ப்போம், இல்லையென்றால் கூட்டுவோம். சோதனை இயல்பாகவே நடுவில் வருகிறது. கணினி ஆய்வாளர் சோலோவே குழுவினர் 1983இல் வெளியிட்ட ஆய்வில் நடுவில் வெளியேற வசதி பெற்ற மாணவர்களே இதைக் கூடுதலாகச் சரியாக எழுதினார்கள். லூப்பின் தலையில் மட்டும் சோதனை என்றால் வாங்கும் வரியை இரண்டு இடத்தில் எழுத வேண்டும். அதில் ஒன்றை மறந்துவிட்டு ராத்திரி பதினொரு மணிக்கு முழித்தவன் நான்.

சொற்களைப் பூட்டுவதற்கு முன் தெருப் பிள்ளைகள் நாலு பேரிடம் பழைய வரியையும் புதிய வரியையும் தாளில் எழுதிக் காட்டி, எத்தனை தடவை ஓடும் என்று கேளுங்கள். புதியதற்கும் இரண்டு விடை வந்தால் எனக்கு எழுதுங்கள்.