புது ஜன்னலில் மழைநீர் கசிகிறது, நிறுவனம் கைவிரிக்கிறது

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. மதுரை திருநகரில் சொந்த வீட்டில் குடியிருக்கிறேன். பழைய தேக்கு ஜன்னல்களின் சட்டங்கள் இற்றுப்போனதால், கோவை நிறுவனம் ஒன்றின் மதுரை முகவர் மூலமாக ஒன்பது யு.பி.வி.சி. (கெட்டியான ஒருவகை பிளாஸ்டிக்) ஜன்னல்கள் பொருத்தினேன். பேசிய தொகை ரூ.4,20,000, அதில் ரூ.3,40,000 கொடுத்துவிட்டேன். ஐப்பசி மழையில் நான்கு ஜன்னல்களின் அடிவழியாகத் தண்ணீர் இறங்கிச் சுவர் ஊறிவிட்டது. விளம்பரத் தாளில் பத்தாண்டு உத்தரவாதம் என்று அச்சிட்டிருக்கிறார்கள். கேட்டால் முகவர் நிறுவனத்தைக் கைகாட்டுகிறார்; நிறுவனமோ சுவரில்தான் குறை என்கிறது. வேலை முடிந்த அன்றே ‘திருப்தி’ என்று என்னிடம் கையெழுத்தும் வாங்கிவிட்டார்கள். ‘வழக்கு கோவையில் மட்டுமே’ என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது. பழைய தேக்கு ஜன்னல்களையும் எடுத்துச் சென்றுவிட்டார்கள். வேறு ஆளை வைத்துச் சரிசெய்துவிட்டு வழக்குப் போடலாமா? வில்லாபுரத்தில் இருக்கும் என் தங்கையும் ஜன்னல் மாற்றவிருக்கிறாள். அவள் நிறுவனத்தை எப்படித் தேர்ந்தெடுக்க வேண்டும்?

பதில்: வழக்குப் போடலாம், மதுரையிலேயே போடலாம். ஆனால், அதற்கு முன் வேறு ஆளை வைத்து ஜன்னல்களைக் கழற்றவோ, இடைவெளிகளைப் பூசி அடைக்கவோ வேண்டாம். உங்கள் வழக்கு முழுவதும் ஒரே கேள்வியில் நிற்கிறது: தண்ணீர் ஜன்னலின் குறையால் வருகிறதா, சுவரின் குறையால் வருகிறதா? அந்தக் கேள்விக்கு விடை சொல்லும் சாட்சி, இப்போது இருக்கும் நிலையில் உள்ள ஜன்னல்தான். அதைச் சரிசெய்துவிட்ட பிறகு நுகர்வோர் ஆணையத்தின் முன் நீங்கள் வைக்கக்கூடியது வாய்ச்சொல்லாகவும் சில படங்களாகவும் மட்டுமே இருக்கும். வீட்டுக்குள் தண்ணீர் வருவதைப் பொறுத்துக்கொண்டிருப்பது எளிதன்று என்பதை அறிவேன். ஆகவே வெளிப்புறத்தில் தார்ப்பாய் கட்டுவது போன்ற, ஜன்னலைத் தொடாத தற்காலிகக் காப்பு மட்டும் செய்துகொள்ளுங்கள்.

முதல் வேலையாக, நிறுவனத்துக்கும் முகவருக்கும் ஒப்புகையுடன் கூடிய விரைவு அஞ்சலில் ஒரு கடிதம் அனுப்புங்கள். எந்த ஜன்னல்களில், எந்தத் தேதி மழையில், எவ்விடத்தில் தண்ணீர் வந்தது என்பதை எழுதி, குறிப்பிட்ட நாளில் கட்டடப் பொறியாளர் ஒருவர் பார்வையிடப்போகிறார், நீங்களும் ஆள் அனுப்பலாம் என்று அழைப்பு விடுங்கள். அழைத்தும் வராதவர்கள், பின்னர் அந்த அறிக்கையை ஒருதலைப்பட்சமானது என்று சொன்னால் அதற்கு வலு இருக்காது. பொறியாளர் வெளியிலிருந்து முதலில் சுவரில் மட்டுமும், பிறகு ஜன்னலில் மட்டுமும் தண்ணீர் பாய்ச்சிப் பார்த்து, எந்த நிலையில் உள்ளே கசிந்தது என்பதை எழுத வேண்டும். ஸ்லைடிங் ஜன்னலின் கீழ்த் தண்டவாளத்தில் தேங்கும் நீர் வெளியேற வடிகால் துளைகள் இருக்கும். அவை விடப்பட்டிருக்கின்றனவா, சிமெண்டோ சிலிக்கானோ அடைத்துக்கொண்டிருக்கிறதா, சட்டத்துக்கும் சுவருக்கும் இடையிலான சந்து முறையாக அடைக்கப்பட்டிருக்கிறதா என்பவற்றை அவர் தனித்தனியாகக் குறிப்பிட வேண்டும். நிறுவனம் அப்போதும் மறுத்தால், வழக்கறிஞர் ஆணையரையும் (நேரில் பார்த்து அறிக்கை தர அனுப்பப்படும் வழக்கறிஞர்) தொழில்நுட்ப வல்லுநரையும் நியமித்து ஆய்வு செய்யுமாறு ஆணையத்திடமே மனு கொடுக்கலாம். கட்டுமானக் குறை வழக்குகளில் இது வழக்கமாகச் செய்யப்படுவதுதான்.

ஒருவேளை சுவரிலோ சன்ஷேடிலோதான் வெடிப்பு என்று பொறியாளர் சொன்னால், அதையும் ஏற்றுக்கொள்ளுங்கள். அப்படிப்பட்ட அறிக்கையை மறைத்துவிட்டு நடத்தும் வழக்கு உங்களுக்குச் செலவையும் மனவேதனையையும்தான் தரும்.

‘திருப்தி’ என்று போட்ட கையெழுத்தைப் பற்றி நீங்கள் அஞ்சுவது புரிகிறது. மழைக்கு முன் பொருத்திய ஜன்னல் மழையைத் தாங்குமா என்பதை அன்றைக்குப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. நிறம், அளவு, கண்ணாடிக் கீறல் போன்ற கண்ணுக்குத் தெரிந்த குறைகளுக்கு அந்தக் கையெழுத்து உங்களுக்கு எதிராகப் பேசலாம். மழை வந்த பின்னரே வெளிப்பட்ட குறைக்கு அது விடுதலைப் பத்திரம் ஆகாது. விற்பவரின் திறமையை நம்பி, இன்ன பயனுக்கு என்று சொல்லி வாங்கும் பொருள் அந்தப் பயனுக்குத் தகுதியாக இருக்க வேண்டும் என்பதைச் சரக்கு விற்பனைச் சட்டம், 1930-இன் 16-ஆம் பிரிவு விற்பவர் மீது சுமத்துகிறது. மழையை வெளியே நிறுத்துவது ஜன்னலின் அடிப்படைப் பயன்.

கோவையில் மட்டுமே வழக்கு என்ற வரி உங்களைத் தடுக்காது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் 34-ஆம் பிரிவு, புகார்தாரர் குடியிருக்கும் இடத்திலேயே புகார் கொடுக்கும் உரிமையைத் தருகிறது. இது 1986-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இல்லாத, மூத்தோருக்குப் பேருதவியான மாற்றம். எனவே மதுரை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் புகார் தாக்கல் செய்யுங்கள். ஒப்பந்தத்தில் நீதிமன்றத்துக்குப் பதிலாக நடுவர் தீர்ப்புக்குப் போக வேண்டும் என்ற விதி இருந்தாலும் அதுவும் தடையன்று என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்திருக்கிறது. நீங்கள் கொடுத்த தொகை ரூ.5 லட்சத்துக்கு உட்பட்டது என்பதால் புகாருக்குக் கட்டணம் கிடையாது. குறை தோன்றியதிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்தாக வேண்டும். பத்தாண்டு உத்தரவாதம் இருக்கிறதே என்று இந்தக் கெடுவைத் தவறவிடுவோரைக் காணும்போது மனம் வருந்துகிறது.

நிறுவனத்தை முதல் எதிர்தரப்பினராகவும் முகவரை இரண்டாம் எதிர்தரப்பினராகவும் சேர்த்துவிடுங்கள். ஒருவரை விட்டால், மற்றவர் விடுபட்டவர் மீது பழியைப் போட்டுத் தப்பிக்கப் பார்ப்பார். குறையை நீக்கித் தர வேண்டும், இயலாவிட்டால் மாற்றித் தர வேண்டும், அதுவும் இயலாவிட்டால் அந்த நான்கு ஜன்னல்களுக்கான தொகையைத் திருப்பித் தர வேண்டும் என்று படிப்படியாகக் கேளுங்கள். ஒன்பதுக்கும் முழுப் பணத்தையும் கேட்பது, ஐந்து நன்றாக இருக்கும்போது, பொருந்தாது. ஊறிய சுவருக்கான செலவு, மன உளைச்சலுக்கான இழப்பீடு, வழக்குச் செலவு ஆகியவற்றையும் சேர்க்கலாம். தக்க சோதனையின்றி ஒரு பொருளின் ஆயுளுக்கு உத்தரவாதம் தருவதை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(47)-ஆம் பிரிவு நியாயமற்ற வணிக நடைமுறை என்கிறது. சோதனை நடந்தது என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு நிறுவனத்துடையது. ஆகவே அந்த விளம்பரத் தாளைப் பத்திரமாக வையுங்கள். வாட்ஸ்அப் உரையாடல்களையும் மழைநேரக் காணொலிகளையும் கைப்பேசியிலிருந்து அழிக்காமல், பாரதிய சாட்சிய சட்டம், 2023-இன் 63-ஆம் பிரிவு கேட்கும் மின்னணுப் பதிவுக்கான சான்றிதழுடன் தாக்கல் செய்யுங்கள்.

மீதி ரூ.80,000-ஐத் ‘தரமாட்டேன்’ என்று எங்கும் எழுதிவிடாதீர்கள். பேசியபடி வேலை முடிந்தால் தரத் தயாராக இருக்கிறேன் என்று மட்டுமே எழுதுங்கள். ஒப்பந்தத்தை மீறியவர் யார் என்பதை அந்த ஒரு வரி தெளிவாக்கும். தேக்கு ஜன்னல்களை இலவசமாகக் கொடுப்பதாக நீங்கள் ஒப்புக்கொள்ளவில்லை என்றால், அவை இன்றும் உங்கள் உடைமை. பழைய மரக்கடையில் அவற்றின் மதிப்பை எழுதி வாங்கி, அந்தத் தொகையையும் கோருங்கள்.

எதிர்தரப்பினர் 30 நாட்களுக்குள், அதிகம் போனால் மேலும் 15 நாட்களுக்குள் பதிலுரை தர வேண்டும். புகாரை மூன்று மாதங்களிலும், பொருளைச் சோதிக்க வேண்டியிருந்தால் ஐந்து மாதங்களிலும் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொன்னாலும், நடைமுறையில் அதற்கு மேலும் ஆகும். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் பதிவு செய்து பாருங்கள். சில நிறுவனங்கள் அந்தக் கட்டத்திலேயே இறங்கிவருகின்றன. பெண் என்ற முறையில், வருமானம் எதுவாயினும், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் மூலம் இலவச வழக்கறிஞர் பெறும் உரிமையும் உங்களுக்கு உண்டு.

இனி உங்கள் தங்கைக்கு. சதுர அடி விலையை மட்டும் ஒப்பிட்டு நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். ஒரு யு.பி.வி.சி. ஜன்னலில் சட்டம் ஒரு தயாரிப்பாளருடையது, கண்ணாடி இன்னொருவருடையது, தாழும் சக்கரமும் வேறொருவருடையது. வெட்டி இணைத்துப் பொருத்துபவர் உள்ளூர்ப் பட்டறைக்காரர். பத்தாண்டு உத்தரவாதம் என்பது பெரும்பாலும் சட்டத்தின் நிறம் மங்காமைக்குத் தரப்படுவது. தண்ணீர் கசிவதோ பல நேரங்களில் பொருத்தும் வேலையில் நேரும் குறையால். ஆகவே, பொருத்துவதற்கு யார், எத்தனை ஆண்டு, எந்தப் பெயரில் பொறுப்பேற்கிறார் என்பதை எழுத்தில் தர மறுக்கும் நிறுவனம் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். கொட்டேஷனில் சட்டத்தின் தயாரிப்பாளர் பெயர், உள்ளிருக்கும் இரும்பின் கனம், கண்ணாடியின் கனம், அது டஃபன்டு (சூடேற்றி உறுதியாக்கிய) கண்ணாடியா என்பது, கொசுவலை, கிரில், சுவர்ப்பூச்சு வேலை, பழைய ஜன்னலுக்காகக் கழிக்கும் தொகை, ஜி.எஸ்.டி. ஆகிய அனைத்தும் தனித்தனி வரிகளாக இருக்க வேண்டும். அவர்கள் தரும் ஜி.எஸ்.டி. எண்ணை அரசின் இணையதளத்தில் இட்டால் சட்டப்படியான பெயரும், பதிவு செய்த தேதியும், பதிவு இன்னும் நடப்பில் உள்ளதா என்பதும் தெரியும்; பில்லில் இருக்கும் பெயரும் பணம் போகும் வங்கிக் கணக்கின் பெயரும் ஒன்றாக இருக்கிறதா என்றும் பார்க்கட்டும். பில் இல்லாமல் முடித்தால் வரி மிச்சம் என்று யாராவது சொன்னால் இணங்க வேண்டாம். பில் தராதிருப்பதே நியாயமற்ற வணிக நடைமுறை என்று நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது.

நிறுவனம் சென்ற ஆண்டு மழைக்கு முன் வேலை செய்த வீடுகளின் முகவரிகளைக் கேட்டு, இரண்டு வீடுகளுக்காவது நேரில் போய் ஜன்னலின் கீழ்ச் சுவரைப் பார்த்துவரட்டும். ஒப்பந்தத் தொகையில் ஒரு கணிசமான பங்கை, ஜன்னல்களின் மீது குழாயால் தண்ணீர் பாய்ச்சி இருதரப்பும் சேர்ந்து சோதித்துக் கையெழுத்திட்ட பிறகே தருவதாக எழுதி வாங்கட்டும். அந்தச் சோதனைக்கு முன் ‘திருப்தி’ என்ற தாளில் கையெழுத்துப் போட வேண்டாம்.