சாஃப்ட்வேர் ஒன்று, அலமாரிகள் வேறு

கேள்வி: குழந்தைகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும், எங்கள் ஊர் கம்யூனிட்டி காலேஜில் அக்கவுன்டிங் படிக்கச் சேர்ந்தேன். சேக்ரமென்டோ பக்கம் வேறொரு கம்யூனிட்டி காலேஜில் படிக்கும் என் தோழியின் லைப்ரரி தேடல் பக்கம் அப்படியே எங்களுடையது போலவே இருக்கிறது. கலிஃபோர்னியா முழுக்க ஒரே சாஃப்ட்வேர் என்கிறார்கள். அப்படியென்றால் அங்கே இருக்கும் பாடப்புத்தகத்தை நான் ஏன் எடுக்க முடியவில்லை?
- ஒரு வாசகி, ஃப்ரீமாண்ட்

பதில்: சாஃப்ட்வேர்தான் பொது. புத்தகம் அந்தந்தக் கல்லூரிக்குச் சொந்தம்.

முன்பெல்லாம் ஒவ்வொரு கல்லூரியும் தனித்தனியாக ஒரு சாஃப்ட்வேர், பல இடங்களில் அதற்கென்று ஒரு சர்வர், அதற்கு வருடாவருடம் கட்டணம் என்று சமாளித்துக்கொண்டிருந்தது. 2017-18 மாநில பட்ஜெட்டில் இதை மாற்றவென்றே 60 லட்சம் டாலர் ஒதுக்கினார்கள். 2020 ஜனவரியில் நூற்றுக்கும் மேற்பட்ட கல்லூரிகள் ஒன்றாக எக்ஸ் லிப்ரிஸ் நிறுவனத்தின் அல்மா என்ற லைப்ரரி சாஃப்ட்வேருக்கு மாறின. நீங்கள் பார்ப்பது ப்ரைமோ என்ற தேடல் பக்கம், ஊழியர்கள் வேலை செய்வது அல்மாவில். மாறி இரண்டே மாதத்தில் கொரோனா வந்து கட்டிடங்களைப் பூட்டியபோது, மின்னூல் வாங்குவது, இணைப்புகளைச் சரிசெய்வது எல்லாவற்றையும் வீட்டிலிருந்தே பிரவுசரில் செய்ய முடிந்தது என்பதை நான் பெரிய விஷயமாக நினைக்கிறேன்.

இன்னொரு லாபம் வெளியே தெரியாது. ஒரு புத்தகத்தை ஐம்பது கல்லூரிகள் வாங்கினாலும் அதன் கேட்லாக் பதிவு, அதாவது தலைப்பு, ஆசிரியர் போன்ற விவரக் குறிப்பு, பொது இடத்தில் ஒன்று இருந்தால் போதும், ஒவ்வொரு கல்லூரியும் தன் பிரதி எந்த அலமாரியில் இருக்கிறது என்பதை மட்டும் அதோடு சேர்த்துக்கொள்ளும். முழுநேர கேட்லாகர் ஒருவர்கூட இல்லாத சின்னக் கல்லூரிக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று அங்கே வேலை செய்பவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

ஆனால் புத்தகம் ஊர் விட்டு ஊர் போக வேண்டுமென்றால் அது வேறு வேலை. யாருக்கு எத்தனை நாள் கொடுப்பது, அனுப்பும் செலவு யாருடையது, தொலைந்தால் யார் பணம் கட்டுவது, இதையெல்லாம் கல்லூரிகள் உட்கார்ந்து பேசி முடிக்க வேண்டும். 2017ல் இதே அல்மாவுக்கு வந்த கலிஃபோர்னியா ஸ்டேட் யுனிவர்சிட்டி, சிஎஸ்யு ப்ளஸ் என்ற ஏற்பாட்டில் ஒரு வளாகத்துப் புத்தகத்தை இன்னொரு வளாகத்து மாணவருக்கு அனுப்புகிறது. கம்யூனிட்டி காலேஜ் மாணவர்களுக்கும் அந்த அளவுக்கு வசதி வேண்டும், அவர்களில் வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவர்கள் எத்தனை பேர்! ஒரு கவலையும் உண்டு. எக்ஸ் லிப்ரிஸ் 2015ல் ப்ரோக்வெஸ்ட் என்ற நிறுவனத்தின் கைக்குப் போய், 2021ல் அதோடு சேர்ந்து கிளாரிவேட் என்ற இன்னொரு நிறுவனத்தின் கைக்கு வந்துவிட்டது. இத்தனை கல்லூரிகள் ஒரே நிறுவனத்தை நம்பி இருக்கும்போது, விலை பேசுவதையும் ஒன்றாகச் சேர்ந்துதான் செய்ய வேண்டும்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். பாடப்புத்தகங்களைப் பொதுவாக ரிசர்வ் பிரிவில் வைத்து, லைப்ரரிக்குள்ளேயே சில மணி நேரம் படிக்கத் தருவார்கள், அதனால் வெளியூருக்கு அனுப்ப மாட்டார்கள். முதலில் உங்கள் கல்லூரி ரிசர்வில் இருக்கிறதா என்று கவுன்டரில் கேளுங்கள். பாடப்புத்தகம் தவிர மற்றவற்றுக்கு இன்டர்லைப்ரரி லோன், அதாவது வேறு லைப்ரரியிலிருந்து வரவழைத்துத் தரும் வசதி, கிடைக்குமா என்றும் கேட்டுவிடுங்கள். அப்புறம், அடுத்த செமஸ்டருக்குப் பதியும்போது வகுப்புப் பட்டியலைக் கவனியுங்கள், புத்தகச் செலவே இல்லாத வகுப்புகளுக்கு அதில் தனி அடையாளம் போட்டிருப்பார்கள்.