டியூக்கும் எர்லும் ஒருவரேதான்: சீனப் பட்டப்பெயர்களைத் தமிழாக்கும்போது

கேள்வி: பண்டைச் சீன வரலாறு பற்றிய ஆங்கில நூல் ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். ஜெங் நாட்டை ஆண்டவர் ஓரிடத்தில் ‘டியூக் ஜுவாங்’ என்றும் வேறோரிடத்தில் ‘ஜெங்கின் எர்ல்’ என்றும் வருகிறார். இருவரா, ஒருவரா? வேலை கொடுத்த முகவர், டியூக் என்றால் கோமகன், எர்ல் என்றால் பிரபு, கிங் என்றால் மன்னர் என ஒரு பட்டியல் தந்து, அதை மீறக் கூடாது என்கிறார். என்ன செய்வது?

பதில்: ஒருவரேதான். பட்டியல்படி எழுதினால் உங்கள் வாசகர் அவரை இரண்டு ஆளாக எண்ணிக்கொள்வார்.

ஜோ அரச மரபின் கீழ் இருந்த நாட்டுத் தலைவர்களின் பட்டங்களைச் சீன மரபு கோங், ஹோவ், போ, ட்ஸு, நான் என ஐந்தாக வரிசைப்படுத்துகிறது. ஐரோப்பியர் தங்கள் நாட்டு டியூக், மார்க்விஸ், எர்ல், வைகவுண்ட், பேரன் ஆகியவற்றை அதே வரிசையில் இவற்றின்மேல் பொருத்திவிட்டார்கள். ஜெங் நாட்டுத் தலைவரின் பட்டம் போ. லூ நாட்டின் ஆண்டுக்குறிப்பான ‘வசந்தமும் இலையுதிர்காலமும்’, கி.மு. 722இல் அவர் தம் தம்பி துவானை யென் என்னும் இடத்தில் முறியடித்ததைப் பதியும்போது ‘ஜெங் போ’ என்றே எழுதுகிறது. ஆனால் பட்டம் எதுவானாலும் சொந்த நாட்டவருக்குத் தம் தலைவர் கோங்தான். இறந்தபின் சூட்டும் பெயரோடும் கோங் என்பதே சேரும். ஜுவாங் அப்படிச் சூட்டிய பெயர். ஆகவே உயிரோடிருக்கும் அவரை அமைச்சர் ‘ஜுவாங் கோமகனே’ என்று விளிப்பதாக உரையாடல் எழுதிவிடாதீர்கள்.

முகவர்களின் பட்டியல்களைப் பற்றி வெளிப்படையாகவே சொல்கிறேன். அவை பெரும்பாலும் ஆங்கிலச் சொல்லுக்கு அகராதியில் கிடைத்த முதல் தமிழ்ச் சொல்லைப் போட்டுத் தயாரானவை. சீன மூலத்தை எவரும் பார்த்திருக்க மாட்டார்கள். இதற்கு முன்பணம் கேட்கும் முகவரையும் அறிவேன். சொல்லுக்கு இவ்வளவு காசு என்று கூலி பேசி, அடிக்குறிப்புக்கு இடமில்லை என்று கைவிரித்து, மூலத்தைக் கண்ணால் காணாதவரிடம் வேலையை ஒப்படைக்கும் இந்த நடைமுறை எனக்குச் சலித்துப்போய்விட்டது. இன்னொரு பொறியும் உண்டு. கோங் என்பதைக் கேட்டதும் நம் ‘கோ’ என்று உறவு கொண்டாடும் பதிவுகள் பரவுகின்றன. ஓர் அசையின் ஒலி ஒத்திருப்பது சான்றாகாது. அதை உங்கள் முன்னுரையில் சேர்க்காதீர்கள்.

ஆங்கிலத்தின் வழியே வருவதால் நாம் இழப்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. ஜோ வேந்தர் தம் குலத்தைச் சேர்ந்த தலைவர்களைத் தந்தையின் உடன்பிறந்தாராகவும், பிற குலத்தவரைத் தாயின் உடன்பிறந்தாராகவும் முறை வைத்து அழைப்பார். கி.மு. 651இல் குய்ச்சியூ மாநாட்டில், வேள்வி இறைச்சியோடு வந்த வேந்தரின் தூதர், பிற குலத்தவரான ச்சி நாட்டு ஹுவான் கோங்கை ‘போஜியூ’ (தாயின் அண்ணன்) என்று விளித்து, முதுமை கருதி அவர் படியிறங்கி வணங்க வேண்டாம் என்கிறார். அவரோ இறங்கி வணங்கிய பிறகே அதைப் பெற்றுக்கொள்கிறார். ஆங்கிலத்தில் இந்த உறவுகளெல்லாம் ‘அங்கிள்’ என்ற ஒரே சொல்லில் அடங்கிவிடும். நமக்கோ பெரியப்பாவும் மாமாவும் வெவ்வேறு. இங்கே மாமா என்று தயங்காமல் எழுதலாம்.

‘வாங்’ என்ற பட்டம் முறைப்படி ஜோ வேந்தர் ஒருவருக்கே உரியது; இதற்கு வேந்தர் என்றும், மற்றத் தலைவர்களுக்குக் குறுநில மன்னர் என்றும் எழுதலாம். ஆனால் தெற்கே இருந்த ச்சு நாட்டைத் தனியே கவனிக்க வேண்டும். கையெழுத்துப்படிகளில் நான் மிகுதியாகத் திருத்துவது இதைத்தான். ச்சு நாட்டுத் தலைவர் கி.மு. 704இல் தம்மைத் தாமே வாங் என்று அறிவித்துக்கொண்டார். லூ நாட்டுக் குறிப்போ அதை ஏற்காமல், பின்வந்தவர்களையும் ட்ஸு என்றே எழுதியது. ஆட்சியுரிமையின் சின்னமான, ஜோ வேந்தரின் முக்காலிக் கொப்பரைகளின் எடை என்ன என்று கி.மு. 606இல் துணிந்து கேட்ட ச்சு நாட்டு ஜுவாங் வாங், கி.மு. 591இல் இறந்தபோதும் அங்கே ‘ச்சு ட்ஸு’தான். அவருடைய அடக்கம் பதியப்படவில்லை. பதிந்தால் வாங் என்று எழுத நேரும் என்பதே காரணம் என அந்த ஆண்டுக்குறிப்புக்கான பழைய உரை சொல்கிறது. இன்னும் ஒன்று: தலைவரே வாங் ஆகிவிட்டதால், ச்சு நாட்டில் மாவட்ட ஆளுநர்களைக் கோங் என்று அழைத்தார்கள். கன்பூசியஸ் உரையாடலில் வரும் ‘ஷெ கோங்’ அத்தகைய ஓர் ஆளுநர். அவரைக் கோமகன் என்றால் இல்லாத ஒரு நாட்டை உண்டாக்கிவிடுவீர்கள்.

காலக்கோடு ஒன்றை நினைவில் வையுங்கள். கி.மு. 221இல், அதற்குள் வாங் என்ற பட்டத்தைத் தாமும் சூடியிருந்த ச்சின் நாட்டுத் தலைவர், ‘ஹுவாங்’, ‘தி’ ஆகிய இரு பழஞ்சொற்களைச் சேர்த்து ‘ஹுவாங்தி’ என்ற பட்டத்தைப் புனைந்துகொண்டார். பேரரசர் என்ற சொல்லை அதற்குப் பிறகே பயன்படுத்துங்கள். ச்சின்னுக்கு அடுத்து வந்த ஹான் அரச மரபின் காலத்தில் வாங் என்பது பேரரசர் தம் மகன்களுக்கும் உறவினருக்கும் வழங்கும் பட்டமாக இறங்கிவிட்டது. அங்கே வேந்தர் பொருந்தாது, சிற்றரசர் என்பதே சரி.

நூலின் தொடக்கத்தில் அரைப் பக்கக் குறிப்பு எழுதி ஐந்து பட்டங்களையும் விளக்கிவிட்டு, உள்ளே ‘ஜெங் நாட்டு ஜுவாங் கோங்’ என்று ஒரே வடிவத்தில் கொண்டுசெல்லுங்கள். எர்ல் என்று வரும் இடத்தில் ‘ஜெங் நாட்டின் போவான ஜுவாங் கோங்’ என்று ஒருமுறை எழுதினால் போதும். முகவர் மறுத்தால், டியூக் என்றும் எர்ல் என்றும் அவர் வரும் இரண்டு பக்கங்களையும் பதிப்பாளரிடமே நேரில் காட்டுங்கள்.