மழையில் பிரேக் பிடிக்கவில்லை என்று எழுதியவருக்கு

வணக்கம். பினாங்கில் தெலுக் பஹாங்கிலிருந்து பாலிக் புலாவ் போகும் மலைச்சாலை இறக்கத்தில் சைக்கிளில் வரும்போது மழை பிடித்துக்கொண்டது, பிரேக் கேட்கவில்லை, குழுவும் காத்திருக்கவில்லை, சைக்கிள் சங்கத்தை விட்டு விலகிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். படித்ததும் மனம் பதறியது. விழாமல் வந்தீர்களே, அதுவே பெரிது.

ரிம் பிரேக், அதாவது சக்கரத்தின் வளையத்தை (ரிம்) ரப்பர் கட்டையால் அழுத்திப் பிடிக்கும் பிரேக், நனைந்தால், அந்தக் கட்டை முதலில் தண்ணீரைத் துடைக்க வேண்டும். சக்கரம் சில சுற்றுச் சுற்றிய பிறகே பிடிக்கும். ஆகவே வளைவுக்கு வெகு முன்பே இரண்டு பிரேக்கையும் லேசாக அழுத்தியபடி வாருங்கள். வளைவுக்குள் அழுத்தாதீர்கள். சாலையில் உள்ள வெள்ளைக் கோடும் சாக்கடை இரும்பு மூடியும் ஈரத்தில் வழுக்கும். இன்றே பிரேக் கட்டையைக் கழற்றிப் பாருங்கள். மணலும் அலுமினியத் துணுக்குகளும் மினுமினுவென்று பதிந்திருந்தால் ஊசியால் நெம்பி எடுத்துவிடுங்கள். இதைச் செய்யாமல் விட்டுத்தான் என் பழைய ரிம் தேய்ந்துபோனது.

இடி விஷயத்தில் மட்டும் யாருக்காகவும் விட்டுக்கொடுக்காதீர்கள். மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 விநாடிக்குக் குறைவென்றால் மின்னல் சுமார் 10 கிலோமீட்டருக்குள் விழுகிறது. கட்டடத்துக்குள் ஒதுங்குங்கள், மரத்தடி வேண்டாம். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்தே கிளம்புங்கள்.

விலகும் முன் குழுத் தலைவரிடம் நேரில் கேளுங்கள்: இறக்கத்தின் அடியில் எல்லோரும் சேரும்வரை நிற்பீர்களா? கடைசி ஆளுக்குப் பின்னால் அனுபவமுள்ள ஒருவர் வருவாரா? மழுப்பினால், தயங்காமல் விலகிவிடுங்கள்.