கமீனோ நடை: ஜூலைத் திருவிழாவுக்கா, செப்டம்பரிலா?

கேள்வி: நானும் மனைவியும் ஆண்டுதோறும் தஞ்சாவூரிலிருந்து வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்கள். பணி ஓய்வுக்குப் பிறகு ஸ்பெயினின் சந்தியாகோ நகரப் பேராலயத்துக்குப் போகும் கமீனோ யாத்திரைப் பாதையை முழுதாக நடக்க ஆசை. ஜூன் 20 வாக்கில் தொடங்கி, ஜூலை 25 சந்தியாகப்பர் திருவிழாவன்று போய்ச் சேரலாமா? வெயில் எங்களுக்குப் பழக்கம்தான். குளிருக்குத்தான் பயம்.

பதில்: ஜூலை வேண்டாம். செப்டம்பர் 10 வாக்கில் தொடங்குங்கள்.

பிரான்ஸ் எல்லையிலுள்ள சென்-ழான்-பியே-தெ-போரிலிருந்து சந்தியாகோ வரை சுமார் 780 கிலோமீட்டர். உங்கள் கணக்குப்படியே ஐந்து வாரம். அதற்குள் மலை, பொட்டல், மழைக்காடு போன்ற பசுமை என்று மூன்று வகை நிலத்தைக் கடக்கிறீர்கள். ஆகவே எந்த மாதம் நல்லது என்று கேட்பதைவிட, எந்த வாரம் எங்கே இருப்பீர்கள் என்று பார்ப்பதே சரி.

ஜூன் 20-ல் கிளம்பினால், புர்கோஸுக்கும் லியோனுக்கும் இடைப்பட்ட மெசேதா பீடபூமியில் ஜூலை முதல் பாதியில் இருப்பீர்கள். சராசரி உச்ச வெப்பம் 27, 28 டிகிரிதான். தஞ்சாவூர்க்காரருக்கு இதெல்லாம் ஒரு வெயிலா என்று தோன்றும். ஆனால் வெப்ப அலை வந்தால் 35-ஐத் தாண்டும். நிழல் குறைவு. கர்ரியோன் என்ற ஊரைத் தாண்டினால் 17 கிலோமீட்டருக்கு ஓர் ஊர்கூடக் கிடையாது.

வேளாங்கண்ணிச் சாலையில் வெயிலை எப்படிச் சமாளிக்கிறோம்? பகலில் எங்காவது மண்டபத்தில் படுத்துவிட்டு, சாயங்காலம் எழுந்து இரவெல்லாம் நடக்கிறோம். வழியெங்கும் மோரும் சாப்பாடும் கொடுக்க ஆட்கள் இருக்கிறார்கள். அந்த வித்தை அங்கே செல்லாது. அல்பெர்கே எனும் யாத்ரீகர் விடுதிகளில் பெரும்பாலும் இரவு பத்து மணிக்குக் கதவைச் சாத்திவிடுவார்கள். காலை எட்டு மணிக்குள் வெளியேற வேண்டும். பகலில்தான் நடந்தாக வேண்டும்.

கடிகாரத்தையும் நம்ப முடியாது. ஸ்பெயின் மேற்கே தள்ளியிருந்தாலும் மத்திய ஐரோப்பிய நேரத்தைப் பின்பற்றுகிறது. கோடையில் சூரியன் உச்சிக்கு வரும்போது அங்கே மணி இரண்டரை. ஐந்து மணிக்கு வெயில் தணியும் என்று காத்திருந்தால் ஏமாற்றம்தான், அதுதான் சூடு உச்சத்திலிருக்கும் நேரம். விடியுமுன் கிளம்பி ஒரு மணிக்குள் முடித்துவிடலாம். அதையேதான் எல்லோரும் செய்கிறார்கள், அப்புறம் படுக்கைக்கு ஓட்டப்பந்தயம். திருவிழா வாரத்தில், சாரியா என்ற ஊரிலிருந்து கடைசி நூறு கிலோமீட்டரை மட்டும் நடக்க வருகிறவர்கள் வேறு சேர்ந்துகொள்வார்கள். காட்டுத்தீயும் உண்டு. 2025 ஆகஸ்டில் அஸ்தோர்காவுக்கும் பொன்ஃபெராதாவுக்கும் இடையே பாதையையே மூட வேண்டியதாயிற்று.

செப்டம்பர் 10-ல் தொடங்கினால் பிரனீஸ் மலையைப் பனி விழும் காலத்துக்கு வெகு முன்பே தாண்டிவிடுவீர்கள். முதல் நாளிலேயே 1,200 மீட்டருக்கு மேல் ஏற்றம் என்பதால் மூட்டுக்குத்தான் சோதனை. மலைமீது போகும் நெப்போலியன் பாதையை நவம்பர் முதல் மார்ச் முடிய மூடிவிடுவார்கள். செப்டம்பர், ரியோஹா பகுதியில் திராட்சை அறுவடை நடக்கும் நேரம். அங்குள்ள லொக்ரோஞ்ஞோ நகரைச் செப்டம்பர் 20-க்கு முன் கடந்துவிடுங்கள், 21-ஐ ஒட்டி அங்கே ஊர்த்திருவிழா, இடம் கிடைப்பது கஷ்டம். மெசேதாவுக்கு வரும்போது பகல் இதமாக இருக்கும். சந்தியாகோ இருக்கும் கலீசியா பகுதிக்கு அக்டோபர் இரண்டாம் வாரம். அங்கே மழை எந்த மாதமும் வரும், சந்தியாகோவின் ஆண்டு மழை சென்னையைவிட அதிகம். நவம்பருக்குத் தள்ளினால் நனைந்துகொண்டேதான் நடக்க வேண்டும். குளிர் என்றால் விடியற்காலை பத்து டிகிரிக்குக் கீழே போகலாம், ஒரு கம்பளிச் சட்டையும் மெல்லிய உறக்கப்பையும் போதும்.

செப்டம்பருக்கும் குறை இல்லாமலில்லை. சென்-ழானில் அதுவும் கூட்ட மாதம், முதல் மூன்று இரவுக்கு முன்பதிவு செய்துவிடுங்கள். அக்டோபரில் எட்டரை மணிவரை விடியாது, தலைவிளக்கு வேண்டும். வசந்தம்தான் வேண்டுமென்றால் மே முதல் வாரம் கிளம்பலாம். மெசேதா முழுக்கப் பச்சைக் கோதுமை. மலையில் சேறும் மூடுபனியும் இருக்கும்.

திருவிழா ஆசையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஜூலை 25 ஞாயிற்றுக்கிழமையில் விழும் ஆண்டு அங்கே புனித ஆண்டு, அடுத்தது 2027. அந்த ஆண்டு முழுவதும் பேராலயத்தின் புனிதக் கதவு திறந்திருக்கும். அக்டோபரில் போனாலும் அதன் வழியே நுழையலாம், பரிபூரண பலனும் (பாவத் தண்டனையிலிருந்து முழு விடுதலை) உண்டு. கூட்டம் வழக்கத்தைவிடக் கூடுதலாக இருக்கும், அதற்குத் தயாரென்றால் போங்கள்.

ஆகஸ்ட் 29 கொடியேற்றத்துக்கு வேளாங்கண்ணிக்கு நடந்துவிட்டு, பத்து நாள் காலுக்கு ஓய்வு கொடுத்து விமானம் ஏறினால் பயிற்சியும் ஆகிவிடும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்கு விண்ணப்பிக்கலாம். ஜூனிலேயே கொடுத்துவிடுங்கள். நடை பிரான்ஸில் தொடங்கினாலும் அதிக நாள் தங்குவது ஸ்பெயினில் என்பதால், விண்ணப்பம் ஸ்பெயினுக்குத்தான் போக வேண்டும்.