வெளிநாட்டு ஒப்பந்தம் போட்டால் இறையாண்மை போய்விடுமா?

"தில்லியில் போட்ட கையெழுத்துக்கு ஏற்காட்டில் என் மிளகு விலை ஏன் இறங்க வேண்டும், இதுவா இறையாண்மை?" என்பது கேள்வி.

ஒப்பந்தம் போடும் உரிமையே இறையாண்மையில் சேர்ந்ததுதான். போட்ட பிறகு கை கொஞ்சம் கட்டப்படும், அதையும் மறுக்க முடியாது. 2009-ல் ஆசியான் நாடுகளோடு (வியட்நாம் உட்பட்ட தென்கிழக்கு ஆசிய நாடுகளின் கூட்டமைப்பு) செய்த சரக்கு வணிக ஒப்பந்தத்தில், மிளகுக்கான இறக்குமதி வரியைப் படிப்படியாக 70 சதவீதத்திலிருந்து 50-க்குக் குறைக்க இந்தியா ஒப்புக்கொண்டது. வியட்நாம் மிளகு மலிவாக வந்து இறங்கினாலும், இஷ்டத்துக்கு வரியை ஏற்ற முடியாது. அதற்காகச் சும்மா இருந்துவிடவும் இல்லை. 2017 டிசம்பரில் மத்திய அரசு கிலோவுக்கு 500 ரூபாய் என்று குறைந்தபட்ச இறக்குமதி விலை வைத்தது, அதைவிட மலிவாக மிளகு உள்ளே வராதபடி.

உண்மையில் இடிக்கும் இடம் வேறு. விவசாயம், மாநிலங்கள் சட்டம் போடும் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. வெளிநாட்டு ஒப்பந்தமோ மத்தியப் பட்டியலில். அரசியலமைப்பின் 253-வது பிரிவுப்படி, ஒப்பந்தத்தை நிறைவேற்ற மாநில விஷயத்திலும் நாடாளுமன்றம் சட்டம் போடலாம். கையெழுத்துக்கு முன் சென்னையைக் கேட்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. ஏன், நாடாளுமன்றத்தின் ஒப்புதல்கூட கட்டாயமில்லை! என்னைக் கேட்டால் உங்கள் கோபம் இந்த இடத்தில்தான் திரும்ப வேண்டும்.

சரி, லாபமே இல்லையா? சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடு (ஊர்ப் பெயரோடு சேர்ந்த பொருளுக்கான சட்டப் பாதுகாப்பு) கிடைக்க வழிசெய்த 1999-ஆம் ஆண்டுச் சட்டம், உலக வர்த்தக அமைப்பில் நாம் ஏற்ற கடமையால் வந்ததுதான். பிடிக்காவிட்டால் சேராமலும் இருக்கலாம்: 2019 நவம்பரில் ஆர்செப் என்ற ஆசிய-பசிபிக் நாடுகளின் வணிக ஒப்பந்தத்தில் சேராமல் இந்தியா வெளியே வந்துவிட்டது.