இணைய ஏலத்தில் கோட் சூட் வாங்கலாமா?

கேள்வி: நேர்முகத் தேர்வுகளுக்குப் போட்டுக்கொள்ள ஒரு நல்ல கோட் சூட் வேண்டும். கடையில் புதிதாக வாங்க இப்போது வசதியில்லை. இணைய ஏலங்களில், ஓரிரு முறை மட்டுமே அணிந்தவை என்ற குறிப்புடன் நல்ல சூட்டுகள் மலிவாக வருகின்றன. போட்டுப் பார்க்காமல் வாங்குவது சரியா? என் மார்பளவு 40 அங்குலம். 40 என்று குறிக்கப்பட்ட ஒரு கோட்டை அளந்து சொல்லும்படி விற்பவரிடம் கேட்டால், 43 அங்குலம் என்கிறார். எதை நம்புவது?

பதில்: தாராளமாக வாங்கலாம். விற்பவர் சொன்ன அளவிலும் தவறில்லை. லேபிளில் உள்ள 40 என்பது கோட்டின் அளவு அல்ல. அதை அணிபவரின் மார்பளவு. உள்ளே சட்டை இருக்க வேண்டும், மூச்சு விட வேண்டும், கையை முன்னே நீட்ட வேண்டும் என்பதற்காக, அதைவிட மூன்று நான்கு அங்குலம் கூட்டித்தான் கோட்டை வெட்டுவார்கள். ஆகவே, தட்டையாக விரித்து அக்குளிலிருந்து அக்குள்வரை அளந்தால் இருபத்தொன்றரை அங்குலமும், அதை இரட்டித்தால் 43 அங்குலமும் வரும் கோட் உங்களுக்குப் பொருந்தக்கூடியதே. ஐரோப்பிய லேபிள்களில் இதே அளவு 50 என்று இருக்கும். அதிலிருந்து பத்தைக் கழித்துக்கொள்ளுங்கள்.

ஆனாலும் லேபிளை மட்டும் நம்பி ஏலம் கேட்காதீர்கள். ஒரே எண்ணை ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு விதமாக வெட்டுகிறது; முன்பு அணிந்தவர் எங்காவது பிடித்துத் தைத்திருக்கவும் கூடும். நம்பகமான வழி ஒன்றுதான். உங்களிடமோ நண்பரிடமோ உங்கள் உடம்புக்குச் சரியாக அமைந்த கோட் ஒன்று இருந்தால், அதன் பொத்தானைப் போட்டு மேசைமேல் விரித்து, இஞ்ச் டேப்பால் ஐந்து இடங்களை அளந்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: முதுகுப் பக்கம் ஒரு தோள்பட்டைத் தையலிலிருந்து மறு தோள்பட்டைத் தையல்வரை, அக்குளுக்கு அக்குள், நடுப்பொத்தான் உயரத்தில் இடுப்பின் அகலம், தோள்பட்டைத் தையலிலிருந்து கைமுனைவரை, காலரின் கீழ்விளிம்பிலிருந்து பின்பக்க அடிவரை. விற்பவரிடமும் இதே ஐந்து அளவுகளை இதே முறையில் கேளுங்கள். உடம்பின் அளவைக் கோட்டின் அளவோடு ஒப்பிட்டால்தான் குழப்பம். கோட்டைக் கோட்டோடு ஒப்பிட்டால் குழப்பமில்லை.

இந்த ஐந்தில் தோள்பட்டை அளவில்தான் விட்டுக்கொடுக்கவே கூடாது. நான் முதன்முதலில் ஏலத்தில் எடுத்த கோட் மார்பில் கச்சிதமாக இருந்தது; தோள்பட்டைத் தையல் மட்டும் என் தோள் எலும்பைத் தாண்டி முக்கால் அங்குலம் வெளியே நின்றது. தையல்காரர் அந்த இடத்தை இரண்டு விரல்களால் அமுக்கிப் பார்த்தார். "கையைக் கழற்றணும், லைனிங்கைப் பிரிக்கணும், உள்ளே இருக்கும் பேடை எடுத்து வெட்டி, எல்லாத்தையும் திரும்ப ஏற்றணும். அந்தக் கூலிக்கு இன்னொரு கோட்டே வாங்கிடலாம்" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார். அவர் சொன்னது முற்றிலும் சரி. தோள் அரை அங்குலத்துக்கு மேல் வித்தியாசப்பட்டால், துணி எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

மற்றவற்றுக்கு வழியுண்டு. கோட்டின் இடுப்பைப் பக்கத் தையலில் இரண்டு அங்குலம்வரை பிடிக்கலாம். கைநீளத்தைக் குறைப்பது எளிது, ஆனால் கைமுனைப் பொத்தான்கள் அலங்காரத்துக்காக இல்லாமல், காஜா வெட்டப்பட்டு உண்மையாகவே திறந்து மூடுபவையாக இருந்தால், தோளிலிருந்துதான் குறைக்க வேண்டியிருக்கும், கூலி ஏறும். கோட்டின் மொத்த நீளத்தை ஓர் அங்குலத்துக்கு மேல் குறைத்தால், பைகள் அடிவிளிம்புக்கு அருகே வந்து பார்வை கெட்டுவிடும்; கூட்டவோ முடியவே முடியாது.

பேன்ட்டைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஜோடியாக விற்கும் சூட்டில் பேன்ட்டின் இடுப்பு பெரும்பாலும் மார்பளவைவிட ஆறு அங்குலம் குறைவாக இருக்கும். அதாவது 40 அளவு கோட்டுக்கு 34 இடுப்பு. உங்கள் இடுப்பு 36 அங்குலமாக இருந்தால், பின்பக்க நடுத்தையலில் உள்ளே எவ்வளவு துணி விட்டிருக்கிறார்கள் என்பதைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். வழக்கமாக ஒன்றரை இரண்டு அங்குலம்வரை பிரித்துவிட அங்கே இடம் இருக்கும். முன்பே பிரித்திருந்தால் ஒன்றும் மிச்சம் இருக்காது. கால்முனை மடிப்பில் உள்ள துணியையும் அப்படியே கேட்டுவிடுங்கள்.

கேள்வி: படத்தில் எல்லாமே புதிது போலத்தான் தெரிகிறது. பழுதையும் துணியின் தரத்தையும் எப்படிக் கண்டுபிடிப்பது? சூப்பர் 150 என்று போட்டிருந்தால் நல்ல சூட் என்று கொள்ளலாமா?

பதில்: முன்பக்கப் படம் எதையும் சொல்லாது. சூட் தேயும் இடங்கள் வேறு: பேன்ட்டின் தொடைகள் சேரும் இடம், உட்காரும் இடம், கோட்டின் முழங்கை, அக்குள் லைனிங், காலரின் உள்மடிப்பு. இவற்றைப் பகல் வெளிச்சத்தில் தனித்தனியாகப் படம் எடுத்து அனுப்பும்படி கேளுங்கள். உட்காரும் இடமும் முழங்கையும் பளபளத்தால், அந்தத் துணி தேய்ந்துவிட்டது. அந்தப் பளபளப்பு முழுமையாகப் போகாது. கவட்டுப் பகுதியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து எடுத்த படத்தில் நெசவின் ஊடே ஒளி கசிந்தால், அந்த பேன்ட்டுக்கு அதிக ஆயுள் இல்லை. லைனிங் கிழிசல் மட்டும் என்றால் பயப்பட வேண்டியதில்லை. அதற்காகவே பலர் ஒதுங்குவதால் விலையும் இறங்கும், சரிசெய்யவும் முடியும்.

கம்பளித் துணியில் பூச்சி அரித்த துளைகளையும் பார்க்க வேண்டும். அந்துப்பூச்சியின் புழு கம்பளியைத் தின்று வைக்கும் துளை குண்டூசித் தலை அளவே இருப்பதால், படத்தில் தூசிபோலத் தோன்றும். ஒரு துளை இருந்தால் இன்னும் சில இருக்கும் என்றே கொள்ளுங்கள். பழைய கம்பளிச் சூட் எதுவானாலும், வீட்டு அலமாரியில் வைப்பதற்கு முன், காற்றுப் புகாத உறையில் கட்டி மைனஸ் 18 டிகிரி செல்சியஸ் குளிரில் ஒரு வாரம் வைத்து எடுப்பது, ஏற்கெனவே உள்ள மற்ற துணிகளுக்குப் பாதுகாப்பு.

அடுத்தது, கோட்டின் முன்பக்கத்துக்கு உள்ளே இருப்பது. விலை குறைந்த கோட்டுகளில் மேல்துணியின் பின்னால் ஒரு விறைப்புத் துணியைப் பசையால் ஒட்டிவிடுகிறார்கள். உயர்ந்தவற்றில் கேன்வாஸை நூலால் தைக்கிறார்கள். ஒட்டியது எல்லாம் மோசம் என்று நான் சொல்லவில்லை. பல ஆண்டுகள் நன்றாக உழைக்கும் ஒட்டுக் கோட்டுகளும் உண்டு. ஆனால் சலவையின் வெப்பத்தில் பசை விட்டுப்போனால், மார்பிலும் காலர் மடலிலும் சின்னச் சின்னக் கொப்புளங்களாகத் துணி எழும்பி நிற்கும். அதைச் சீர்செய்வது நடவாத காரியம். பக்கவாட்டில் வெளிச்சம் விழும்படி மடலை மட்டும் நெருக்கமாகப் படம் எடுத்தால், கொப்புளம் தெரிந்துவிடும்.

சூப்பர் எண் கம்பளி இழையின் மென்மையைச் சொல்வது. தையலின் தரத்தையோ உழைப்பையோ சொல்வதல்ல. சர்வதேசக் கம்பளி அமைப்பின் விதிப்படி, சூப்பர் 100 என்று குறிக்க இழையின் சராசரி விட்டம் 18.75 மைக்ரானுக்கு (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மேல் போகக் கூடாது. சூப்பர் 150 என்றால் 16.25 மைக்ரான். எண் ஏற ஏற இழை மெலிந்து, தொட இதமாகவும் உழைப்பில் நலிவாகவும் ஆகிறது. ஏற்கெனவே ஒருவர் அணிந்த சூட்டை நேர்முகத் தேர்வுகளுக்கும் பிறகு வேலைக்கும் போடப்போகும் உங்களுக்கு, 100 முதல் 120 வரை உள்ளதையே பரிந்துரைப்பேன். இன்னொன்று: கோட்டின் உள்ளே ஒரு புகழ்பெற்ற ஆலையின் பெயர் தைத்திருந்தால், துணி மட்டுமே அந்த ஆலையுடையது, தைத்தவர் யாராகவும் இருக்கலாம்.

கேள்வி: கடைசி நிமிடத்தில் யாரோ வந்து விலையை ஏற்றிவிடுகிறார்கள். பலமுறை கேட்டும் தோற்றுப்போகிறேன். என்ன செய்வது?

பதில்: பலமுறை கேட்பதுதான் பிரச்சினை. ஈபே போன்ற தளங்களில் உங்கள் உச்ச விலையைச் சொல்லிவிட்டால், மற்றவர்கள் கேட்கக் கேட்கத் தளமே உங்கள் சார்பில் சிறு சிறு படிகளாக ஏற்றிக்கொண்டு போகும். நீங்கள் 100 என்று சொல்லி, அடுத்தவரின் உச்ச விலை 70 ஆக இருந்தால், 70-க்கு மேல் ஒரு படி மட்டுமே கொடுத்து எடுப்பீர்கள். வெல்பவர் இரண்டாமவரின் விலையைத் தரும் ஏலத்தில், மனத்தில் உள்ள உண்மையான மதிப்பைச் சொல்வதே சிறந்தது என்று வில்லியம் விக்ரே 1961-இல் நிறுவினார். 1996-இல் அவருக்குப் பொருளியல் நோபல் பரிசு கிடைத்தது.

அந்த உச்ச விலையைக் கணக்கிடும்போதுதான் பலர் சறுக்குகிறார்கள். சூட்டுக்கு மொத்தமாக எவ்வளவு செலவிட முடியும் என்பதை முதலில் முடிவுசெய்து, அதிலிருந்து அனுப்பும் செலவு, வேறு நாட்டிலிருந்து வந்தால் சுங்க வரி, உலர்சலவை, தையல்காரர் கூலி ஆகியவற்றைக் கழியுங்கள். மிஞ்சுவதுதான் நீங்கள் ஏலத்தில் கேட்க வேண்டிய உச்ச விலை. அதை ஏலம் முடியச் சில நொடிகள் இருக்கும்போது ஒரே ஒருமுறை கேளுங்கள். முன்கூட்டியே கேட்டால், உங்களைப் பார்த்து மற்றவர்கள் சூடேறி விலையை ஏற்றிவிட அவகாசம் கிடைத்துவிடும். தோற்றால் தோற்றதாகவே இருக்கட்டும். உங்கள் அளவில் இன்னொரு சூட் நிச்சயம் ஏலத்துக்கு வரும். கடைசி ஏலம் வந்ததும் நேரம் நீட்டிக்கப்படும் தளமாக இருந்தால், இந்த நொடிக் கணக்குக்கு வேலையில்லை. தளத்தின் விதியை முதலில் படித்துவிடுங்கள்.

கேள்வி: வந்து சேர்ந்த சூட், சொன்னபடி இல்லையென்றால்?

பதில்: பெட்டியைப் பிரித்த அன்றே, லேபிளையும் டேகையும் கழற்றாமல், தையல்காரரிடம் கொடுக்காமல், டேப் வைத்து அளந்து படம் எடுங்கள். ஒரு தையலைப் பிரித்துவிட்டாலும் திருப்பி அனுப்பும் உரிமை போய்விடக்கூடும். விற்பவர் எழுத்தில் தந்த அளவும் நீங்கள் எடுத்த படமும் முரண்பட்டால், அந்த இரண்டையும் சேர்த்துத் தளத்தின் புகார்ப் பகுதியில் கெடுவுக்குள் பதியுங்கள். இதனால்தான் அளவுகளைத் தொலைபேசியில் கேட்காமல், தளத்தின் செய்திப் பெட்டி வழியாகவே கேட்கச் சொல்கிறேன். பணத்தையும் தளத்துக்கு வெளியே ஒருபோதும் அனுப்பாதீர்கள். வெளியே போன பணத்துக்குத் தளம் பொறுப்பேற்காது.